தெளிவில்லை

மேசையின் ஆழம் அறுபது சென்டிமீட்டர்.
அதன் பின்னால் சுவர்.
சுவருக்குப் பின்னால் ஓல்ட்ரிஹ்,
டிராம் பணிமனையில் இரவு வேலை, பகலில் உறக்கம்.
என் கையில் மூவாயிரம் கொருனா.
கணக்கு அவ்வளவுதான்.

ப்ர்னோ நகராட்சிக் கூட்டங்களை
ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்குவது என் பிழைப்பு.
காதில் சரியாக விழாத இடத்தில்
'தெளிவில்லை' என்று தட்டிவிட்டு நகரலாம்.
விதியில் இடமுண்டு.
ஆறு வருடத்தில் எத்தனை தட்டியிருப்பேன்!
குழாய் எந்தத் தெருவில் வெடித்தது? தெளிவில்லை.
எதிர்த்துக் கை தூக்கியது யார்? தெளிவில்லை.
ஹெட்ஃபோன் அழுத்தி அழுத்தி
காதுமடலுக்கு மேலே ஒரு பள்ளம்.
கழற்றி வை என்றாள் மருத்துவர்,
அவள் சொன்னது மட்டும் நன்றாகக் கேட்டது.

பழைய சாமான் கடையில் போஹுமிர்
மூச்சுப் பிடித்துத் தூக்கி வைத்தான் முதல் ஜோடியை.
கறுப்பு. முதுகில் முஷ்டி நுழையும் துளை.
"சுவரை விட்டு ஒரு முழம் தள்ளி வைக்கணும்."
முழத்துக்கு நான் எங்கே போவேன்?
அப்படி வைத்தால்
விசைப்பலகை என் மடியில்தான்.

அடுத்தது வெள்ளை, கச்சிதம்,
ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கிறது.
விலை என்னைத் தாண்டி எழுநூறு.

மூன்றாவதற்குத் துளையே இல்லை. மூடிய பெட்டி.
மரம் மாதிரி தாள் ஒட்டிய தூள்பலகை,
ஒரு மூலையில் கடித்த அடையாளம்.
"நாயா?"
"நாய்தான். அதனால்தான் இரண்டாயிரத்து நானூறு.
ஆம்ப்ளிஃபயர் தனி, அறுநூறு.
வயர் சும்மா தர்றேன்."

என்ன பாட்டுப் போடட்டும் என்றான்.
பென்டிரைவை நீட்டினேன்:
நவம்பர் கூட்டம், ஏழாம் பொருள், குப்பைக் கட்டணம்.
என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் செருகினான்.

கறுப்பில்
எல்லா உறுப்பினரும் கிணற்றுக்குள் நின்று பேசினார்கள்.
தலைவரின் இருமலுக்குக் கண்ணாடி அலமாரி அதிர்ந்தது.
வெள்ளையில்
'ஸ்' வரும் இடமெல்லாம் ஊசி.
நாய் கடித்ததில்
யாரோ பேனாவை மூடினார்கள்.
ஒரு நாற்காலி பின்னுக்குப் போனது.
வலப்பக்கம், கொஞ்சம் தள்ளி,
மைக்குக்கு எட்டாத ஒரு பெண்குரல்:
"பசிக்குது. சீக்கிரம் முடிங்களேன்."

அந்த இடம் எனக்குத் தெரியும்.
பக்கம் முப்பத்தொன்று.
நகராட்சிக் காப்பகத்தில், என் கையெழுத்தின் கீழே,
அவள் பசி
'தெளிவில்லை' என்றுதான் இருக்கிறது.

பேரம் பேச மறந்துவிட்டேன்.

வீட்டில்,
கீச்சுக்குரல் வரும் சின்னக் குமிழ் காதளவுக்கு வரவேண்டுமே,
பழைய வரவுசெலவு அறிக்கைகளை அடுக்கி மேலே ஏற்றினேன்.
பற்றாக்குறை வருடம் தடிமன்.
உபரி வருடத்துக்கு அடியில்
ஒரு பீர் அட்டை கொடுக்க வேண்டியிருந்தது.
இற்றுப்போன ரப்பர் செருப்பை எட்டுத் துண்டாக்கி
மூலைக்கு ஒன்று.
இரண்டையும் லேசாக உள்பக்கம் திருப்பினேன்,
என்னைப் பற்றி ஏதோ பேசிக்கொள்பவர்கள்போல.

ஏழாம் பொருளை முதலிலிருந்து ஓட்டினேன்.
மாலை ஐந்துக்குக் கதவு தட்டும் சத்தம்.
ஓல்ட்ரிஹ். கலைந்த தலை, காலுறை மாறிப்போயிருக்கிறது.
மன்னிப்பை நாக்கில் தயாராக வைத்துத் திறந்தேன்.
"ஏறுதா, இல்லையா?"
"எது?"
"குப்பைக் கட்டணம்.
ரெண்டு மணி நேரமா வாதாடுறாங்க,
முடிவுக்கு வர மாட்டேங்கிறாங்க."
ஏறுகிறது என்றேன். எவ்வளவு என்பதையும் சொன்னேன்.
கெட்ட வார்த்தை ஒன்று சொன்னார், பணிவாக.
போகும்போது திரும்பி,
"அந்தம்மா அப்புறம் சாப்பிட்டாங்களா?"

கதவைச் சாத்தி
ஒலியை ஒரு விரற்கடை இறக்கி உட்கார்ந்தேன்.
முப்பத்தொன்றாம் பக்கத்தைத் திறந்து
திருத்தம் கோரும் படிவத்தில் எண்ணைக் குறித்தேன்.
சுவருக்கு அப்பால் கட்டில் முனகியது.
இடப்பக்கம், தாழ்வாக.
அதை நான் எழுத வேண்டியதில்லை.